சாக்ரடீஸ் கேட்ட கேள்விகள்: எப்படிக் கேட்டார், எங்கே சறுக்கும்

கேள்வி இது: "சாக்ரடீஸ் பாடமே நடத்தாமல் கேள்வி கேட்டே கற்றுக்கொடுத்தார் என்கிறார்கள். அவர் உண்மையில் எப்படித்தான் கேட்டார்? இன்றைக்கு ஒரு வகுப்பில் அதே மாதிரி பாடம் எடுக்க முடியுமா?"

முடியும். ஆனால் சாக்ரடீஸ் முறை என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. தனக்கு நன்றாகத் தெரியும் என்று ஒருவர் நம்பிக்கொண்டிருப்பதை அவர் வாய்ப்பதிலாலேயே ஆட்டம் காண வைப்பது ஒன்று. ஒருவருக்குத் தெரியாததைச் சின்னச் சின்னக் கேள்விகளால் அவரே கண்டுகொள்ளும்படி செய்வது இன்னொன்று. சாக்ரடீஸைப் பாத்திரமாக வைத்து அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிய தொடக்ககால உரையாடல்களில் முதல் வேலைதான் பெரும்பாலும் நடக்கிறது. இரண்டாவதற்குப் பேர்போன காட்சி 'மெனோ' உரையாடலில் வரும் அடிமைச் சிறுவனின் கணக்கு. ஆசிரியர் பயிற்சிகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். பாதிச் சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். தமிழ்நாட்டில் பலருக்கு சாக்ரடீஸ் என்றால் 1956இல் வந்த 'ராஜா ராணி' படத்தில் கலைஞரின் வசனத்தைச் சிவாஜி முழங்கிய காட்சிதான் நினைவுக்கு வரும். வசனம் அருமை, ஆனால் பிளேட்டோ காட்டும் சாக்ரடீஸ் அந்த ரகம் இல்லை. 'புரோட்டகோரஸ்' உரையாடலில், எனக்கு மறதி அதிகம், யாராவது நீட்டிப் பேசினால் எதைப் பற்றிய பேச்சு என்பதே மறந்துபோகும், பதிலைச் சுருக்கிச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். மறதி என்பது சும்மா. நீளமாகப் பேசுகிறவரை நடுவில் நிறுத்தி, இப்போது சொன்னதற்கும் முன்பு சொன்னதற்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க முடியாது. சின்னப் பதிலாக இருந்தால் முடியும். அவருக்கு வேண்டியது அதுதான்.

கி.மு. 470 வாக்கில் ஏதென்ஸில் பிறந்தார். தந்தை சோஃப்ரோனிஸ்கஸ், கல்வேலை செய்தவர் என்பது மரபு. தாய் ஃபைனரெட்டே மருத்துவச்சி. தத்துவ நூல் எதையும் அவர் எழுதிவைக்கவில்லை. நம்மிடம் இருப்பது பிளேட்டோவும், அவரோடு பழகிய செனஃபோனும் எழுதியவை, பிறகு அவரைக் கிண்டலடித்து அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 423இல் மேடையேற்றிய 'மேகங்கள்' நாடகம். காசு வாங்கிக்கொண்டு பேச்சுக்கலை சொல்லித்தந்த சோஃபிஸ்டுகள் அன்றைக்கு நல்ல வரும்படியில் இருந்தார்கள். பாரோஸ் தீவைச் சேர்ந்த எவெனஸின் கட்டணம் 5 மினா என்று, தன்மேல் போட்ட வழக்கில் சாக்ரடீஸ் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய 'அப்பாலஜி'யில் வருகிறது. 5 மினா என்பது 500 திராக்மா. ஒரு திராக்மா கைவினைஞர் ஒருவரின் ஏறக்குறைய ஒரு நாள் கூலி. சாக்ரடீஸோ காசு வாங்கவில்லை, நான் யாருக்கும் ஆசிரியராக இருந்ததே இல்லை என்று வழக்கு மன்றத்திலேயே சொன்னார். அவர் பெயரில் ஒரு கற்பித்தல் முறை நிலைத்துவிட்டது வேடிக்கைதான்.

முதல் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க 'லாக்கீஸ்' உரையாடல் போதும். லாக்கீஸ் ஏதென்ஸின் படைத்தலைவர். கி.மு. 424இல் டீலியம் போரில் ஏதென்ஸ் தோற்று ஓடியபோது சாக்ரடீஸோடு சேர்ந்து பின்வாங்கியவர். அவரிடம் சாக்ரடீஸ் கேட்பது: வீரம் என்றால் என்ன? ஆளைத் தேர்ந்தெடுத்திருப்பதைப் பாருங்கள். யாரிடம் அந்தச் சரக்கு இருக்க வேண்டுமோ, யார் அதைத் தன் பிழைப்பாகவே வைத்திருக்கிறாரோ, அவரிடம் கேட்கிறார்.

லாக்கீஸுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. அணியில் தன் இடத்தை விடாமல், புறமுதுகு காட்டாமல் எதிரியோடு மோதுகிறவன் வீரன். சாக்ரடீஸ் இதைத் தவறு என்று சொல்வதில்லை. நான் கேட்ட விதம் தெளிவாக இல்லை போலும் என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். பிறகு, ஸ்கித்தியக் குதிரைவீரர்கள் ஓடிக்கொண்டேதானே சண்டை போடுகிறார்கள் என்கிறார். லாக்கீஸ் லேசில் விடுவதில்லை. அது குதிரைப்படை, நான் சொன்னது கேடயம் தாங்கி நிற்கும் காலாட்படை என்கிறார். சரி, கி.மு. 479இல் பிளாட்டீயாவில் ஸ்பார்ட்டாவின் காலாட்படையே பாரசீகர்களின் பிரம்புக் கேடய வரிசைக்கு முன்னால் நிற்காமல் பின்வாங்கி, பாரசீக அணி கலைந்ததும் திரும்பி அடித்து ஜெயித்ததே? உண்மைதான் என்று ஒப்புக்கொள்கிறார் லாக்கீஸ். முதல் வரையறை போயிற்று.

அடுத்தது கேள்வி கேட்டே பாடம் நடத்துவேன் என்று அடம்பிடிப்பவர்கள் கவனிக்காத இடம். போரில் மட்டுமல்லாமல் கடலில், நோயில், வறுமையில், ஆசையை அடக்குவதில் எல்லாம் வீரம் உண்டே, இவற்றுக்கெல்லாம் பொதுவாக இருப்பது எது என்று சாக்ரடீஸ் கேட்கிறார். லாக்கீஸுக்கு எந்த மாதிரிப் பதிலை எதிர்பார்க்கிறார் என்பதே புரியவில்லை. உடனே சாக்ரடீஸ் ஒரு மாதிரி காட்டுகிறார்: வேகம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், ஓட்டத்திலும் யாழ் மீட்டுவதிலும் பேச்சிலும் படிப்பிலும் கொஞ்ச நேரத்தில் நிறையச் செய்யும் ஆற்றல் என்பேன். கேள்வி இல்லை, நேராகச் சொல்லித்தந்துவிட்டார். பதிலின் வடிவம் மாணவருக்குத் தெரியாதபோது அதைக் கேள்வியாலேயே கறக்க முயல்வது நேர விரயம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது லாக்கீஸின் இரண்டாவது பதில்: வீரம் என்பது மனம் தளராமல் தாக்குப்பிடிப்பது. சாக்ரடீஸ் வேறு சில சம்மதங்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறார். வீரம் மேன்மையானதா? ஆம். அறிவோடு தாக்குப்பிடிப்பது மேன்மை, அறிவில்லாமல் தாக்குப்பிடிப்பது கேடு, சரிதானே? ஆம். அப்படியானால் கேடானதை வீரம் என்று சொல்லமாட்டீர்கள்? மாட்டேன். பிறகு இரண்டு ஆட்களைக் கண்முன் நிறுத்துகிறார். துணைப்படை வருகிறது, எதிரிகள் குறைவு, தன் இடம் வாகானது என்று கணக்குப் போட்டு நிற்பவன் ஒருவன். இது ஒன்றும் இல்லாமல் எதிர்ப்பக்கத்தில் நிற்பவன் ஒருவன். யார் அதிக வீரன்? எதிர்ப்பக்கத்தவன் என்கிறார் லாக்கீஸ், படைத்தலைவருக்கே உரிய உள்ளுணர்வோடு. ஆனால் அவன் நிற்பதுதானே அறிவில் குறைந்தது? ஆம். அப்படியென்றால் கேடு என்று சொன்ன ஒன்றையே இப்போது வீரம் என்கிறோம்.

லாக்கீஸுக்கு எரிச்சல் வருகிறது. மனசுக்குள் தெரிகிறது, சொல்லில் பிடிக்கப் போனால் நழுவி ஓடுகிறது என்கிறார். இந்தத் திக்குமுக்காடும் நிலைக்குத்தான் கிரேக்கத்தில் அபோரியா என்று பெயர்.

இந்த விசாரணையை எலெங்கோஸ் என்பார்கள். பாகம் பாகமாகக் கழற்றினால் நான்கு துண்டுகள்தான். பதில் சொல்பவர் ஒரு கருத்தை வைக்கிறார். கேட்பவர் வேறு சில சின்னக் கருத்துகளுக்குத் தனித்தனியாகச் சம்மதம் வாங்குகிறார். அந்தச் சம்மதங்களைச் சேர்த்தால் முதல் கருத்துக்கு எதிரான முடிவு வருகிறது என்று காட்டுகிறார். ஆகவே முதல் கருத்து விழுந்தது என்கிறார். வேலை அத்தனையும் இரண்டாவது துண்டில் இருக்கிறது. அங்கே வாங்கும் ஒவ்வொரு சம்மதமும் முதல் கருத்தைத் தொடாததாக, பதில் சொல்பவர் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒப்புக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். அதை அவசரமாகச் செய்தால், கடைசியில் முரண் வரும்போது "அப்போது ஏதோ தலையாட்டிவிட்டேன்" என்று அவர் எழுந்துபோய்விடுவார். அது நியாயமும்கூட.

நான்காவது துண்டில் ஒரு ஓட்டை உண்டு. தத்துவ அறிஞர் கிரெகரி விளாஸ்டாஸ் 1983இல் எழுதிய கட்டுரை அதைத்தான் பிடித்துக்கொண்டது. முரண் வந்தால், சொன்னவற்றில் ஏதோ ஒன்று பிழை என்பது மட்டுமே நிச்சயம். எது பிழை என்று தர்க்கம் சொல்வதில்லை. லாக்கீஸ் நினைத்திருந்தால் முதல் கருத்தைக் காப்பாற்றிக்கொண்டு, "அறிவில்லாமல் தாக்குப்பிடிப்பது எப்போதும் கேடு" என்ற சம்மதத்தைத் திரும்ப வாங்கியிருக்கலாம். வகுப்பில் இது அடிக்கடி நடக்கும், நடக்க விட வேண்டும்.

பள்ளிப் பாடத்துக்குப் பொருந்தும் நல்ல எலெங்கோஸ் ஒன்று கலிலியோவிடம் இருக்கிறது. 1638இல் வெளியான 'இரண்டு புதிய அறிவியல்கள்' நூலில் சால்வியாட்டி என்ற பாத்திரம் சிம்பிளிச்சியோவிடம் கேட்பது. கனமான கல் வேகமாக விழும் என்பது சிம்பிளிச்சியோவின் கட்சி. பெரிய கல்லின் வேகம் 8, சின்னக் கல்லின் வேகம் 4 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கட்டிவிட்டால், மெதுவானது வேகமானதை இழுத்துப் பிடிக்குமா? பிடிக்கும். அப்போது சேர்ந்த வேகம் 8ஐவிடக் குறைவு. ஆனால் சேர்த்துக் கட்டியது பெரிய கல்லைவிடக் கனமாயிற்றே, அது 8ஐவிட வேகமாக அல்லவா விழ வேண்டும்? மாட்டிக்கொண்டார்.

இதை வகுப்பில் செய்யும்போது கூர்மையான பிள்ளை ஒன்று, "கயிற்றில் கட்டிவிட்டால் மட்டும் இரண்டு கல்லும் ஒரே கல் ஆகிவிடுமா?" என்று கேட்கும். அதுதான் இரண்டாவது துண்டில் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது. "அதை விடு" என்று கடந்தால் வகுப்பு செத்துவிடும். "சரி, கயிற்றுக்குப் பதில் பசை போட்டு ஒட்டினால்? உருக்கி ஒன்றாக வார்த்தால்? எந்த இடத்தில் இரண்டு ஒன்றாகிறது?" என்று அந்தப் பிள்ளையிடமே தொடர்ந்து கேட்பதுதான் வழி. இன்னொன்று: இந்தக் கேள்விகள் பழைய நம்பிக்கையை உடைக்கும், அவ்வளவுதான். விழும் பொருளின் முடுக்கம் ஏறக்குறைய 9.8 மீ/வி² என்பதை எந்தக் கேள்வியாலும் பிள்ளைகளின் தலைக்குள்ளிருந்து எடுக்க முடியாது. அளந்துதான் தெரிய வேண்டும்.

இனி இரண்டாவது வேலை, அடிமைச் சிறுவனின் கணக்கு. அந்தச் சிறுவன், சாக்ரடீஸோடு பேசிக்கொண்டிருக்கும் மெனோவின் வீட்டில் பிறந்தவன். அவனுக்குக் கிரேக்கம் பேசத் தெரியுமா என்பது மட்டுமே சாக்ரடீஸ் கேட்கும் தகுதி. பக்கம் 2 அடி உள்ள சதுரம் வரைகிறார். பரப்பு? 4. இதைப்போல இரு மடங்கு பரப்புள்ள சதுரம் இருக்க முடியுமா? முடியும். அதன் பரப்பு? 8. அதன் பக்கம் எவ்வளவு? இரு மடங்குதான், 4 அடி, இதில் என்ன சந்தேகம் என்கிறான் சிறுவன். வரைந்து எண்ணிப் பார்த்தால் 16 வருகிறது. 2 போதாது, 4 மிஞ்சுகிறது, அப்படியானால் 3 என்கிறான். மும்மூன்று 9. 8 வரவில்லை.

இங்கே சாக்ரடீஸ் சொல்வது சின்ன வாக்கியம்தான், ஆனால் இந்தக் காட்சியின் உயிர் அதில்தான் இருக்கிறது: எண்ணிச் சொல்ல விருப்பம் இல்லையென்றால், எந்தக் கோடு என்று காட்டு. 8 சதுர அடிச் சதுரத்தின் பக்கம் 2.828… என்று முடிவில்லாமல் ஓடும். அதை முழு எண்ணாகவோ பின்னமாகவோ சொல்லவே முடியாது. எண்ணைக் கேட்டுக்கொண்டே இருந்தால் சிறுவன் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் பதில் வராது. கேள்வியின் வடிவத்தையே "எவ்வளவு" என்பதிலிருந்து "எது" என்பதற்கு மாற்றிவிட்டார். சிறுவன் அப்போது, எனக்குத் தெரியவில்லை என்று சத்தியம் செய்கிறான். மெனோவின் பக்கம் திரும்பி சாக்ரடீஸ் கேட்கிறார்: முன்பு தெரியாமலேயே தெரியும் என்று நினைத்தான், இப்போது தெரியாது என்று தெரிந்துகொண்டான்; நஷ்டமா, லாபமா?

அதன்பின் 4 அடிப் பெரிய சதுரத்துக்குள் இருக்கும் நான்கு சின்னச் சதுரங்களிலும் மூலைவிட்டம் இழுக்கிறார். ஒவ்வொரு கோடும் அதனதன் சதுரத்தைப் பாதியாக்குகிறதா? ஆக்குகிறது. உள்ளே உருவான சாய்ந்த சதுரத்தில் எத்தனை பாதிகள்? 4. முதல் சதுரத்தில் எத்தனை? 2. 4 என்பது 2க்கு எத்தனை மடங்கு? இரு மடங்கு. அப்படியானால் பரப்பு 8, பக்கம் அந்த மூலைவிட்டம்.

மூலைவிட்டத்தை இழுத்தது யார்? சாக்ரடீஸ். சிறுவன் ஆம், இல்லை என்று தலையாட்டினான், சின்ன எண்களைச் சொன்னான், அவ்வளவுதான். நான் எதையும் கற்பிக்கவில்லை, கேட்கத்தான் செய்கிறேன் என்று சாக்ரடீஸ் சொல்வதைப் பிற்பாதியைப் பொறுத்தவரை என்னால் ஏற்க முடியாது. முற்பாதி வேறு. 4 என்பதும் 3 என்பதும் சிறுவனே போட்ட கணக்கு, அவன் கண்முன்னே அவனே எண்ணித் தோற்ற கணக்கு. அந்தத் தோல்விகள் நடந்திராவிட்டால் மூலைவிட்டம் அவனுக்கு வெறும் கோடாகத்தான் இருந்திருக்கும்.

இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அர்ஜென்டினா ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உரையாடலை 50 கேள்விகளாக்கி இன்றைய ஆட்களிடம் கேட்டார்கள். அந்தச் சிறுவன் செய்த அதே பிழைகளைத்தான் இவர்களும் பெரும்பாலும் செய்தார்கள். ஆனால் கடைசிவரை சரியாக வந்து சேர்ந்த பிறகு வேறு அளவுள்ள சதுரத்தைக் கொடுத்து இரட்டிப்பாக்கச் சொன்னபோது, ஏறக்குறையப் பாதிப் பேரால் முடியவில்லை. பிளேட்டோவுக்கு இது அதிர்ச்சியாக இருந்திருக்காது. சிறுவனுக்கு இப்போது வந்திருப்பது கனவு மாதிரியான கருத்துதான், இதையே பல தடவை பல விதமாகக் கேட்டால்தான் அறிவாகும் என்று சாக்ரடீஸே அங்கே சொல்கிறார். வகுப்பில் அதன் பொருள்: பாடம் முடிந்த கையோடு 3 அடிச் சதுரம், 5 அடிச் சதுரம் என்று கொடுத்து, கேள்வியே கேட்காமல் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இனி நடைமுறை. எந்தப் பாடத்துக்கு இது ஒத்துவரும்? பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஏதோ ஒரு கருத்து, தவறாகவேனும், இருக்கும் பாடத்துக்கு. பின்னம், பரப்பு, விசை, நீதி, உரிமை போன்றவை சரி. ஆண்டு, பெயர், சொற்பொருள், வாய்பாடு ஆகியவற்றை நேரே சொல்லிவிடுங்கள்.

தயாரிப்பில் கேள்விகளைவிட, வரப்போகும் தவறான பதில்களை எழுதி வைத்துக்கொள்வது முக்கியம். ஒவ்வொரு தவறுக்கும், அதை அந்தப் பிள்ளையே சோதித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும். சதுரத்தில் எண்ணிப் பார்க்கக் கட்டங்கள் இருந்ததைப் போல. அப்படிச் சோதிக்க வழியில்லாத இடத்தில் சரி தவறு என்று ஆசிரியர்தான் தீர்ப்பு சொல்ல வேண்டியிருக்கும். அதன்பின் பிள்ளைகள் கட்டத்தைப் பார்க்கமாட்டார்கள், ஆசிரியரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

பதிலைப் பலகையில் எழுதும்போது பிள்ளையின் சொற்களிலேயே எழுதுங்கள். திருத்தி அழகாக்கினால் அது உங்கள் கருத்தாகிவிடும், பிறகு அதை உடைப்பதில் பயனில்லை. கேட்டபின் காத்திருங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக 1 வினாடிதான் காத்திருந்தார்கள். 3 வினாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாமல் இருப்பவர்கள் குறைந்தார்கள். பதில் வந்த பிறகும் அதே 3 வினாடி காக்க வேண்டும் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உடனே "வெரி குட்" என்றால் மற்றவர்களின் யோசனை அங்கேயே நின்றுவிடும்.

சாக்ரடீஸ் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் பேசினார், மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். 40 பேர் வகுப்பிலும் இதைத்தான் செய்ய முடியும்: ஒரே பிள்ளையோடு நான்கைந்து கேள்விகள் தொடர்ந்து போக வேண்டும். முதல் கேள்விக்கு ஒருவர், அடுத்ததற்கு வேறொருவர் என்று தாவினால், முரண் யாருடையதும் அல்ல. மற்றவர்கள் அதற்குள் தங்கள் பதிலை நோட்டில் எழுதி வைத்திருந்தால் அவர்களும் உள்ளே இருப்பார்கள். ஜெர்மனியில் தத்துவ அறிஞர் லெனார்டு நெல்சன் 1922இல் இந்த முறையைப் பற்றிப் பேசிய உரைக்குப் பிறகு வளர்ந்த மரபு வேறு பாதை எடுத்தது: சிறு குழு, பங்கேற்பவர் ஒருவரின் சொந்த அனுபவத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு, நடத்துபவர் தன் கருத்தை வெளிக்காட்டவே கூடாது. நேரம் நிறைய வேண்டும், ஆனால் அறவியல் பாடத்துக்கு அது இதைவிட நன்றாக வேலை செய்யும். 1870இல் பேராசிரியர் லாங்டெல் ஹார்வர்டு சட்டப்பள்ளியில் தொடங்கிவைத்த, மாணவரை எழுப்பி வழக்குத் தீர்ப்பின் மேல் துருவும் வழக்கத்துக்கும் சாக்ரடீஸ் பெயர்தான்; பெரும்பாலும் அது வீட்டுப்பாடம் படித்தாயா என்று பார்க்கும் வேலை.

மிக அதிகமாக நடக்கும் பிழை, பதிலை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சொல் வரும்வரை வகுப்பைச் சுற்றி வருவது. "இல்லை... வேறு யாராவது... 'மூ'வில் ஆரம்பிக்கும்..." இது விடுகதை. அடுத்தது, பிள்ளை நம்பாததைச் சொல்லவிடுவது. சாக்ரடீஸின் ஒரே கறாரான விதி, நீ உண்மையில் நினைப்பதையே சொல் என்பது. பிளேட்டோவின் 'குடியரசு' முதல் நூலில் திராசிமாக்கஸ் என்ற சோஃபிஸ்ட் கோபித்துக்கொண்டு, கதை சொல்லும் கிழவிகளுக்குத் தலையாட்டுவது மாதிரி உமக்கும் தலையாட்டுகிறேன் என்கிறார். உன் கருத்துக்கு மாறாக வேண்டாம் என்கிறார் சாக்ரடீஸ், ஆனால் பலிக்கவில்லை. அதன்பின் வாதம் ஜெயிக்கிறது, திராசிமாக்கஸ் மாறியதாகத் தெரியவில்லை. வகுப்பு முழுக்க "ஆமா சார்" என்று ஒரே குரலில் வந்தால் நீங்களும் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

அவமானம் அடுத்தது. பலர் முன்னால் தோற்றவர்கள் சாக்ரடீஸை வெறுத்தார்கள்; அவரைப் பார்த்து இளைஞர்களும் ஊர்ப் பெரியவர்களைக் கேள்வி கேட்டு மடக்கினார்கள்; கோபம் அவர்மேல் திரும்பியது. மரண தண்டனையில் முடிந்த கி.மு. 399 வழக்குக்கு இதையும் ஒரு காரணமாக அவரே சொல்கிறார். பிளேட்டோ 'குடியரசு' ஏழாம் நூலில், சின்ன வயதில் வாதம் கற்றவர்கள் நாய்க்குட்டிகள் மாதிரி கண்டவரையெல்லாம் பிய்த்து இழுப்பார்கள் என்று சொல்லி, 30 வயதுக்கு முன் அந்தப் பயிற்சியே வேண்டாம் என்கிறார். அத்தனை கடுமை வேண்டியதில்லை. முதலில் உங்கள் கருத்து ஒன்றைப் பலகையில் போட்டுப் பிள்ளைகளை உடைக்கச் சொல்லுங்கள். பிறகு முன்வருகிற பிள்ளை, அடுத்துத்தான் தயங்குகிற பிள்ளை.

மணி அடிக்கும் நேரத்தில் வகுப்பு அபோரியாவில் நின்றால் அவசரமாகப் பதிலைச் சொல்லி மூடிவிடாதீர்கள். எந்தச் சம்மதங்கள் கொடுத்தோம், எந்த இரண்டு முட்டிக்கொண்டன என்று பிள்ளைகளையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அடுத்த வகுப்பை அந்த வரியிலிருந்து தொடங்கலாம். ஒரு நாளுக்கு மேல் அப்படியே தொங்கவிட்டால், "சார் கேள்விதான் கேட்பார், ஒன்றும் சொல்லமாட்டார்" என்ற பேர் வரும். பரீட்சைக்கு முந்தைய வாரத்தில் இதைத் தொடவே வேண்டாம்.